அப்பா இயற்றியதாகச் சொல்லப்படும் சிம்பொனி

அப்பா எதைப் படித்தாலும் கீழ்மூலையில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிடுவார். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். கை அப்படிப் பழகிவிட்டது. எங்கள் ரிப்போர்ட் கார்டில் போட்டார், சரி. கேஸ் சிலிண்டர் வந்த நாளில் காலண்டரில் போட்டார், அதுவும் போகட்டும். பதினாறு வயதில் தோழிக்கு நான் எழுதிய பிறந்தநாள் வாழ்த்து அட்டையை, இங்கிலீஷில் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று நீட்டினேன். படித்தார், ஒரு இடத்தில் காற்புள்ளி வைத்தார், ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டுத் திருப்பித் தந்தார். அந்த அட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தேம்பித் தேம்பி அழுதேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்தக் கைப்பழக்கம்தான் பாதிக் காரணம்.

ஆபீஸ் நேரம் போக அப்பாவுக்கு இன்னொரு வேலை இருந்தது. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஆசிரியர்களும் வக்கீல்களும் ஒரு பல் டாக்டரும் சேர்ந்து மேற்கத்திய இசைக்குழு ஒன்றை நடத்திவந்தார்கள். அதில் அப்பா வியோலா வாசித்தார். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம் அது. கூட்டத்துக்கு நடுவில் இருக்கும், தனியாக யார் காதிலும் விழாது. அப்பாவுக்கென்றே செய்த வாத்தியம் என்று அம்மா கேலி செய்வார். ஆனால் குழுவுக்கு அவர் வாசிப்பைவிட அவர் கையெழுத்துதான் முக்கியமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் யாராவது ஒரு சிம்பொனிப் புத்தகத்தை இரவல் கொடுப்பார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அப்பா முழுவதையும் கையால் பிரதி எடுத்துவிடுவார். பிறகு அதிலிருந்து வயலினுக்கு, செல்லோவுக்கு, புல்லாங்குழலுக்கு என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் எழுதுவார். முதல் பக்கத்தில் மேலே நட்டநடுவில் இயற்றியவர் பெயர், அச்சடித்த மாதிரி இருக்கும். கீழே மூலையில் வழக்கமான சுருக்கொப்பமும் தேதியும்.

அம்மா இறந்தபோது எனக்கு இருபத்தொரு வயது, அண்ணனுக்கு இருபத்தைந்து. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அப்பா அழவில்லை. எரித்துவிட்டு வந்த மூன்றாம் நாள் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் அண்ணன் தெற்கே ஜொகூரில் தான் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்குத் திரும்பினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தார். பந்தி முடிந்து எல்லோரும் போனபின் அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றார்.

“அம்மா செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா? நீங்க மனுஷன்தானா?”

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது நடந்திருக்கும். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அப்பா இறந்தபோது அண்ணன் காலையில் வந்தார், கொள்ளி வைத்தார், சாயங்காலமே கிளம்பிவிட்டார். கல்மனசு என்று அன்றைக்குத் திட்டினேன், அவர் காதில் விழாமல்.

அப்பா போய்ப் பதினைந்து வருஷமாகிறது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, பாயான் பாருவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது என்று ஊருக்குச் சொல்வேன். அண்ணனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அண்ணி பிரிந்துபோய் வெகுகாலம். வேறு போக்கிடம் இல்லாமல் பினாங்குக்கே திரும்பி, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீடு எடுத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் நான் காடியை ஓட்டிக்கொண்டு போய் அவரை டயாலிசிஸ் நிலையத்தில் விட்டு, நான்கு மணி நேரம் காத்திருந்து, வீட்டில் சேர்ப்பேன். எங்களுக்குள் பேச்செல்லாம் பொட்டாசியம், ரத்த அழுத்தம், பாலத்தில் நெரிசல் இவ்வளவுதான். அப்பாவைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டோம்.

போன வருஷம் என் அலமாரியில் கரையான் ஏறியது. அன்றைக்கு அண்ணன் என் வீட்டில் இருந்தார். கரையான் தின்றது போக மிஞ்சியதைத் தரையில் பரப்பினோம். அப்பா எழுதிய இசைத்தாள்கள், ஆபீஸ் கோப்பு அட்டையில் வைத்து நாடா கட்டியவை, ஒரு நாற்பது கட்டு இருக்கும். அண்ணனுக்குப் பதினைந்து வயதுவரை அப்பா கட்டாயப்படுத்தி வயலின் கற்றுக்கொடுத்திருந்தார், அதனால் அவருக்கு இசைத்தாள் படிக்கத் தெரியும். சும்மா புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டில் கையை வைத்து நிறுத்தினார்.

“இதுல பேரு இல்ல பாரு.”

“எதுல அண்ணே?”

“மத்தது எல்லாத்துலயும் மேல யாரோ ஒரு வெள்ளைக்காரன் பேரு இருக்கு. இதுல சிம்பொனின்னு மட்டும்தான் போட்டிருக்கு. கீழ அப்பாவோட சைன்.”

“அப்பா மளிகை லிஸ்ட்டுக்கே சைன் போடுவார். உங்களுக்குத் தெரியாதா?”

“சரிலா. அப்ப மேல பேரு எங்க? நீயே சொல்லு.”

நாற்பது கட்டில் இந்த ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை. அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டாம் பகுதி, மெதுவாக வாசிக்க வேண்டிய பகுதி, அங்கே வந்தபோது விரல் கீழ்மூலைக்குப் போனது. அந்தப் பகுதியின் முதல் தேதி, அம்மாவின் எட்டாம் நாள் சடங்குக்கு மறுநாள். கடைசிப் பக்கத்தின் தேதி அந்தியேட்டிக்கு இரண்டு நாள் முன்னால்.

“அழுதிருக்கார்டி,” என்றார் அண்ணன். “நமக்குத் தெரியாம இதுல அழுதிருக்கார்.”

அறுபத்திரண்டு வயது மனிதர், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அப்பா பிரதி எடுப்பவர், இயற்றுபவர் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம்ப ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. டயாலிசிஸ் முடிந்தால் சுருண்டு படுக்கிறவர், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப் போ என்றார். இப்போது அங்கே ஒரு புதிய இசைக்குழு இருக்கிறது. தொழிற்சாலைப் பொறியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்கள். அதை நடத்துகிறவர் நாற்பது வயதுச் சீனப் பெண்மணி. எங்கள் அப்பா இயற்றியது என்று சொல்லி அண்ணன் கோப்பை நீட்டினார். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார், வாய்க்குள் கொஞ்சம் முணுமுணுத்துப் பாடினார், நன்றாக இருக்கிறது, வாசிக்கலாம் என்றார். அண்ணன் அன்றைக்கு உப்பில்லாத சோற்றை முழுவதும் சாப்பிட்டார்.

தனித்தாள்களைப் போட்டோஸ்டேட் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சூலியா தெருவில் எனக்குப் பழக்கமான கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஒவ்வொரு வாத்தியத்தின் தாளாக எடுத்துக்கொண்டே வந்தவர், வியோலாத் தாள்கள் இருந்த அட்டையைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, இந்த அட்டைக்கு உள்பக்கம் பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு. அதையும் எடுக்கவா? மங்கலா இருக்கு, சரியா விழாது.”

வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் ஆபீஸ் இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இயற்றியவர்: புத்தகத்தில் அச்சாகியுள்ள பெயர் சந்தேகத்துக்குரியது எனக் கேள்வி. உறுதியாகும்வரை காலியாக விடவும்.” கீழே சுருக்கொப்பம், தேதி.

இதுதான் அப்பா. உறுதியாகாத எதையும் மையில் எழுதமாட்டார். ஆபீசில் ஒருவரின் பிறந்த தேதியில் சந்தேகம் என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பென்சிலில் குறிப்பு எழுதிக் காத்திருப்பார். அந்த மாதிரி இதிலும் காத்திருந்திருக்கிறார். யாரும் வந்து உறுதிசெய்யவில்லை. அங்கேயே நின்றபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அம்மா இறந்த அந்த மாதத்து மாலைகளில் அப்பா மேஜையில் குனிந்து எழுதும்போது இடது கையில் பூதக்கண்ணாடி இருந்தது. பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன சிம்பொனிப் புத்தகம். தன் மனசிலிருந்து எழுதுகிறவருக்குப் பூதக்கண்ணாடி எதற்கு?

“அக்கா, எடுக்கவா வேணாமா?” என்றார் கடைக்காரர்.

“வேணாம் அண்ணே,” என்றேன். அட்டையைச் சுருட்டி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நேராக இசைக்குழு நடத்தும் பெண்மணியிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகமே சொல்லிவிட்டது. தாள்களைப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் தன் பழைய ஆசிரியருக்கு அனுப்பியிருந்தாராம். பதில் வந்துவிட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல் பழையது. ஐரோப்பாவில் கிடைத்த ஒரு பிரதியில் ஒரு பெரிய மேதையின் பெயர் இருக்கிறது. வேறொரு பிரதியில் யாருக்கும் தெரியாத ஒருவரின் பெயர். மேதை இளவயதில் எழுதியது என்று கொஞ்ச காலம் கொண்டாடினார்கள், பிறகு கைகழுவிவிட்டார்கள்.

“உங்க அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும்,” என்றார் ஆங்கிலத்தில். “நிகழ்ச்சியை நிறுத்த மாட்டேன், இசை நல்ல இசைதான். ஆனா தெரிஞ்சே பொய்யை அச்சடிக்க முடியாதுலா. வியாழக்கிழமை புரோகிராம் அச்சுக்குப் போகுது.”

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பாலம் நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அண்ணன் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார், கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அண்ணே, அந்த சிம்பொனி விஷயமா…”

“நானே சொல்லணும்னு இருந்தேன்,” என்றார். “ரெண்டாவது பகுதியில குழல் தனியா ஆரம்பிக்குதே, ரெண்டு தடவை கூப்பிட்டு நிறுத்துதே, அது அம்மா நம்மள சாப்பிடக் கூப்பிடுற மாதிரியே இல்ல? அப்பா அதைக் கவனிச்சிருக்கார் பாரு. நான் அவரை மரக்கட்டைன்னு நினைச்சேன்.”

நான் அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டேன்.

“அப்பா போட்டோ உன்கிட்ட இருக்கே, பெரிசு, அதை எனக்குக் கொடு. என் ஹால்ல மாட்டணும். காலையில எழுந்ததும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். எத்தனை நாள் இருப்பேனோ, அத்தனை நாளும்.”

என்னவென்று சொல்வது? அது அம்மா குரல் இல்லை அண்ணே, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ ஒருவன் எழுதியது, அவன் யார் என்றுகூடத் தெரியாது என்றா? அப்பா அந்த மாலைகளில் வெறும் பிரதிதான் எடுத்தார் என்றா? பிரதி எடுப்பதும் ஒரு வகை அழுகைதான், பூதக்கண்ணாடி பிடித்த அந்தக் கை நடுங்கியிருக்கும், இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது போதும். அண்ணனுக்குப் போதாது. அவருக்குத் தேவைப்பட்டது அழுத அப்பா, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

“புரோகிராம்ல பேரு போட வேணாம் அண்ணே,” என்றேன் கடைசியில். “அப்பாவே போட்டுக்கல. அவர் விட்ட மாதிரியே காலியா விட்டுடுவோம்.”

அண்ணன் கூரையைப் பார்த்தார். “நீ சொல்றதுதான் சரி,” என்றார். கண் கலங்கியிருந்தது. “எவ்வளவு அடக்கமான மனுஷன்.”

வெளியே வந்து காடியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்தேன். சொல்ல வந்தது என்ன, சொல்லிவிட்டு வந்தது என்ன! முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று பாடம் நடத்தியவள் நான்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பள்ளி மண்டபம் ஒன்றில் நடந்தது. பாதி நாற்காலிகள் காலி. அண்ணன் நீல நிறச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். முதல் பகுதி கலகலப்பாக ஓடியது. இரண்டாம் பகுதியில் குழல் ஆரம்பித்தது, இரண்டு தடவை கூப்பிட்டு நிறுத்தியது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை, அத்தனை சூடு. எனக்கு அப்பாவின்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெயரை எழுதித் தொலைத்திருந்தால் என்ன? தப்பான பெயராகவே இருந்திருக்கட்டுமே. உங்கள் நேர்மை இன்றைக்கு என்னை எங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது பாருங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அப்படிக் கத்திக்கொண்டே இருந்தவளுக்கும், அந்தக் குழல் மூன்றாம் தடவை வந்தபோது அம்மா கூப்பிடுவதுபோலத்தான் கேட்டது. சனியன் பிடித்த குழல்.

முடிந்ததும் குழுவை நடத்தும் பெண்மணி எங்கள் பக்கம் கையைக் காட்டி, இந்தக் கையெழுத்துப் பிரதியைப் பாதுகாத்த குடும்பம் என்று மட்டும் சொன்னார். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அண்ணன் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டார். கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது பாலத்தில் நெரிசல் இல்லை. அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நிம்மதியாக இருக்கிறார், இது போதும், என் பாவத்தை நான் சுமந்துகொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

“அந்த இருபது நாளும் நீ வீட்டிலதானே இருந்த?” என்றார் திடீரென்று.

“எந்த இருபது நாள் அண்ணே?”

“எட்டு முடிஞ்சு நான் ஜொகூருக்குப் போனேனே. அப்பா இதை எழுதினப்ப. நீ பாத்திருப்ப.”

“மேஜையில உக்காந்து எழுதுவார். பாத்தேன்.”

“தினமும்?”

“தினமும்தான்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?”

நான் சாலையையே பார்த்தேன்.

“எத்தனை தடவை போன் பண்ண நீ. அப்பாவுக்குப் பிரஷர், அப்பாவுக்கு சுகர், அப்பா கீழ விழுந்துட்டார், வந்து பாருங்கன்னு. எல்லாம் சொன்ன. இதை மட்டும் சொல்லல. அம்மாவுக்காக அழுதுகிட்டே உக்காந்து எழுதினார் அண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்திருப்பேன். இருபத்துமூணு வருஷம். அவர் உயிரோட இருந்தப்ப வந்திருப்பேன்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். “அப்பா உனக்கு மட்டும் வேணும்னு வச்சுக்கிட்டியா?”

கைப்பை என் காலடியில் கிடந்தது. பென்சில் எழுத்துள்ள அட்டை அதற்குள் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் போதும். நான் குற்றவாளி இல்லை என்று அந்த நொடியே அண்ணனுக்குத் தெரிந்துவிடும். அப்பாவும் அந்த நொடியே பழைய மரக்கட்டையாகிவிடுவார். அண்ணனுக்கு அதற்குப் பிறகு சுவரில் மாட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

“தப்புதான் அண்ணே,” என்றேன். “சொல்லியிருக்கணும்.”

சிம்பாங் அம்பாட்டில் வீட்டு வாசலில் நிறுத்தியதும் நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். கையை விலக்கிக்கொண்டார். படியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏறினார். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்.

“செவ்வாக்கிழமை நீ வரவேணாம். நானே போய்க்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாலில் அப்பா படம், மாலை போட்டு, புதிதாக மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் வாடகைக் காடியில் போய் அரைமணி நேரமாகிவிட்டது என்றார்.